பக்கத்து வீட்டைக் கேட்போம்

பெட்டி பேசும் நேரம் நெருங்கினால் ஏகாம்பரம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வார். பகலெல்லாம் பனியனோடு கிடக்கிற மனிதர், கூடத்துச் சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியதும் பொத்தான்களை வரிசையாகப் போட்டு, நாற்காலியை அதன் பக்கம் திருப்பி உட்காருவார். வருவது என்ன கலெக்டரா என்று அவர் மனைவி சரளா கேலி செய்வாள். கேட்டு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் பனியனோடு பதில் சொல்வது மரியாதை இல்லை என்பார் அவர்.

வேலூரில் அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அந்தப் பெட்டி இருந்தது. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில், சூரியத் தகடுகள் ஓய்ந்துபோகும் அந்தி வேளையில், எல்லோரும் ஒரே சமயத்தில் குளிர்சாதனங்களைப் போட, பளு தாங்காமல் மின்கட்டமைப்பு மொத்தமும் விழுந்தது. ஊர் ஊராக இருண்டது. மருத்துவமனைகளில் செத்தவர்களின் கணக்கை யாரும் முழுதாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் விட்டுக்கொடுப்புத் திட்டம். பளு ஏறும்போது பெட்டி கேட்கும். சரி என்று சொன்னால் அந்த வீட்டில் ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டும் ஓடும். மற்றதெல்லாம் பளு இறங்கும்வரை நிற்கும். முடியாது என்று சொன்னால் ஒன்றும் ஆகாது. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்பதுதான் திட்டத்தின் பெருமை.

ஏகாம்பரத்துக்கு இன்னொரு பெருமை இருந்தது. பெட்டி பேசுகிற தமிழ் அவர் மகள் இலக்கியா எழுதியது. சென்னையில் திட்டத்தின் அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. டீக்கடையில், மருந்துக்கடையில், வரிசையில் நிற்கிற இடத்தில் எல்லாம் அவர் இதைச் சொல்லிவிடுவார். டவுன் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் உள்ளே போங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க என்று கேட்டுக் கேட்டே தொண்டை தேய்ந்தவர். அதே வேலையை மகள் உட்கார்ந்த இடத்தில் செய்கிறாள், அதுவும் ஊர் முழுவதற்கும், என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இலக்கியாவுக்குத் தன் வேலையில் அவ்வளவு நிச்சயம் கிடையாது. ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு அதைப் பல தடவை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். அவளிடம் ஒரே ஒரு சோதனை இருந்தது: இதில் பொய் இருக்கிறதா? இல்லை என்றால் அனுப்பிவிடுவாள். அனுப்பிய பிறகும் இன்னொரு முறை எடுத்துப் படிப்பாள்.

முதல் கோடையில் அவள் எழுதிய கேள்வி எளிமையானது. சற்று நேரம் உங்கள் வீட்டு மின்சாரத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? அவ்வளவுதான். முடியாது என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது. கட்டணத்தில் தள்ளுபடி சொல்லிப் பார்த்தார்கள்; தள்ளுபடியை நீயே வைத்துக்கொள் என்றார்கள். பாராட்டுச் சான்றிதழ் சொல்லிப் பார்த்தார்கள். அதற்குச் சில வீடுகளிலிருந்து வந்த பதில்களை எழுத்தில் வடிக்க முடியாது. கூட்டத்தில் அவளுடைய மேலாளர் நவநீதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, நம் ஜனங்கள் எதற்குத்தான் சரி என்று சொல்வார்கள் என்று பொதுவாகக் கேட்டார்.

இலக்கியா கேட்காமல் பேசுகிறவள் இல்லை. அன்று பேசிவிட்டாள்.

"எங்க தெருவுல தண்ணி லாரி வந்தா எங்கம்மா கடைசிக் குடத்த காலியாவே எடுத்துட்டு வந்துடுவாங்க சார். பின்னால நிக்கறவங்களுக்கு இல்லாம போயிடும்னு. லாரிக்காரன் நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டாங்க. பின்னால ஆள் நின்னா நிறுத்திடுவாங்க."

நவநீதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பின்னால நிக்கற ஆள பெட்டிக்குள்ள கொண்டு வர முடியுமா?"

அன்று மாலையே அவள் எழுதினாள். கேள்விக்குப் பின் ஒரே ஒரு வாக்கியம். நீங்கள் மறுத்தால் பக்கத்து வீட்டைக் கேட்போம்.

படித்துப் பார்த்தாள். மிரட்டல் இல்லை. கெஞ்சல் இல்லை. பொய்யும் இல்லை, மறுத்தால் பெட்டி உண்மையிலேயே பக்கத்து வீட்டைத்தான் கேட்கும். எங்கேயோ ஏதோ உறுத்தியது. என்ன என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

அந்தக் கோடை முடிவதற்குள் அலுவலகத் திரையில் சரி என்றவர்களின் கோடு செங்குத்தாக ஏறியது. ஊர் இருளவில்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவளுக்குத் தனி அறை கிடைத்தது. அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். வாக்கியம் எல்லா இடத்திலும் வேலை செய்யவில்லை. பொதுச்சுவர் வைத்த வரிசை வீடுகள், குடியிருப்பு வாரிய வீடுகள், பழைய காலனிகள், அங்கேதான் சரி என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத உயரமான அடுக்ககங்களில் எப்போதும்போல் முடியாது என்றார்கள். பெட்டி அங்கே கேட்பதையே குறைத்துக்கொண்டது. வரிசை வீடுகளில் கேட்பதைக் கூட்டிக்கொண்டது.

அவள் இதை நவநீதனிடம் கொண்டுபோனாள். அவர் கெட்டவர் இல்லை. ஊர் இருண்ட அந்தக் கோடையில் அவருடைய மாமியார் மருத்துவமனையில்தான் இறந்தார் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மெஷினுக்கு ஏழை பணக்காரன்லாம் தெரியாது இலக்கியா," என்றார். "எங்க சரின்னு சொல்றாங்களோ அங்க போகுது. இல்லன்னு சொல்ற எடத்துல திரும்பத் திரும்பப் போய் நின்னா நேரம் போகும், பளு எறங்காது."

"அப்ப சரின்னு சொல்றவங்களையே கேட்டுட்டு இருக்கும்."

"கேக்கத்தானே செய்யுது. புடுங்கலையே."

அதிலும் பொய் இல்லை.

பங்குனியில் ஏகாம்பரம் மார்க்கெட் வாசலில் காய்கறிப் பையோடு சரிந்தார். இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற வலு குறைந்துவிட்டது என்றார் டாக்டர். மருந்தைவிட முக்கியமாக அவர் சொன்னது உடம்பு சூடாகக் கூடாது என்பது. வெயில் நாளில் உடம்பைக் குளிர்விக்கவே இதயம் இரண்டு மடங்கு ஓட வேண்டும். இந்த இதயம் ஓடாது. மஸ்கட்டில் இருக்கும் மகன் குளிர்சாதனத்துக்கு ஏற்பாடு செய்தான். இலக்கியா அலுவலகத்திலிருந்தபடியே அந்த வீட்டுக்கு நோயாளி விலக்கு வாங்கிக் கொடுத்தாள். விலக்கு உள்ள வீட்டைப் பெட்டி கேட்காது. வாசலில் மீட்டர் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு மாலை அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னணியில் தன் வாக்கியத்தைக் கேட்டாள். நீங்கள் மறுத்தால் பக்கத்து வீட்டைக் கேட்போம். தொடர்ந்து அப்பாவின் குரல். அம்மா பேச்சை மாற்றினாள். இலக்கியா மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள்.

வாசலில் சிவப்பு விளக்கு இல்லை. ஏகாம்பரம் மறைக்கவும் இல்லை. தானே நேரில் போய் விலக்கை ரத்து செய்ததாகச் சொன்னார். வரிசைக்கு இவ்வளவு என்று பளு இறங்கியாக வேண்டும். ஒரு வீடு விலகினால் அதன் பங்கு மற்ற வீடுகளின் தலையில் விழும். இதை அவருக்கு முன்பு விளக்கிச் சொன்னதே அவள்தான்.

"வாசல்ல செவப்பு லைட்டு எரிஞ்சிகினு இருந்துது பாப்பா. போறவன் வரவன்லாம் பாக்கறான். அவங்க பங்க நம்ம தின்னுகினு கீறோம்னு ஊருக்கே சொல்ற மாதிரி."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்காப்பா?"

"அவர் பொழப்பு, சொல்லுவாரு."

சரளா சமையலறையிலிருந்து, நான் சொல்லி அலுத்துவிட்டேன், நீயாவது சொல் என்றாள். அதைச் சொல்லிக்கொண்டே பொதுச்சுவரின் ஜன்னல் வழியாக ஒரு கிண்ணத்தில் சுண்டலைப் பக்கத்து வீட்டு ஜரீனாவிடம் நீட்டினாள். அந்த வீட்டில் மருமகள் சபூராவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பால் சரியாகக் குடிப்பதில்லை, வெக்கையில் உடம்பெல்லாம் கொப்புளம் என்று ஜரீனா சொல்வது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. சுவர் அப்படி.

அந்தி சாய்ந்தது. ஏகாம்பரம் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி பேசியது. ஜரீனா முழுதாகக் கேட்கக்கூட இல்லை; எடுத்துக்கங்க என்றாள். அந்த வீட்டுக் குளிர்சாதனம் ஒரு முனகலோடு நின்றது.

"பாத்தியா," என்றார் ஏகாம்பரம் தாழ்ந்த குரலில். "பச்சக் கொழந்த கீற வூடு."

கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கப் பெட்டியின் விளக்கு துடித்தது. சற்று நேரம் உங்கள் வீட்டு மின்சாரத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? நீங்கள் மறுத்தால் பக்கத்து வீட்டைக் கேட்போம்.

மறுபக்கம் இருப்பது பாலாமணி வீடு. அவள் ஒற்றை ஆள், வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவள். இலக்கியா வாயைத் திறந்தாள். ஏகாம்பரம் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்; ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற கை அது.

"எடுத்துக்கோம்மா," என்றார் பெட்டியிடம்.

குளிர்சாதனம் நின்றது. மின்விசிறி சூட்டைக் கிளறியது. அவருடைய கழுத்தில் வேர்வை புறப்பட்டு, போட்ட சட்டையின் காலருக்குள் இறங்குவதை இலக்கியா எதிரில் உட்கார்ந்து பார்த்தாள்.

"அப்பா, அது யாரோ ஒரு பொண்ணு வந்து கேக்கல. மெஷின். அது என்ன கேக்கணும்னு எழுதினது நான். நீங்க சரின்னு சொல்லணும்னே எழுதினது."

"தெரியுமே."

"தெரிஞ்சுமா?"

"நீ எழுதினதுன்னா என்னா? பொய்யா எழுதிகீற?"

இலக்கியா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இல்லன்னா பாலாமணி கிட்ட போவுமா, போவாதா?"

"போகும்."

"அப்புறம் என்னா," என்றார் ஏகாம்பரம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "எடமில்லன்னு நான் வண்டியில யாரையும் எறக்கி வுட்டதில்ல பாப்பா."

அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஜரீனா ஈரத்துணியால் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் சரி என்று சொல்கிறீர்கள் அத்தை என்று இலக்கியா கேட்டாள். ஜரீனா ரகசியம் போலச் சொன்னாள். "நான் முந்திக்கினு சரின்னுட்டா அண்ணன வுட்டுடுமேன்னுதான். அவருக்கு நெஞ்சு வீக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா, கோச்சுப்பாரு."

விட்டுவிடாது என்று இலக்கியாவுக்குத் தெரியும். ஒரு வீடு சரி என்று சொல்லச் சொல்ல, பெட்டியின் கணக்கில் அந்த வரிசைக்கே இணக்கம் கூடும். இணக்கம் கூடிய வரிசையைப் பெட்டி அடிக்கடி கேட்கும். ஜரீனா அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒவ்வொரு நாளும் பெட்டியை அவர் வாசலுக்குக் கூட்டிவந்துகொண்டிருந்தாள். அவரும் அப்படியே. இதை ஜரீனாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு வந்துவிட்டாள்.

சென்னை திரும்பியதும் நவநீதனிடம் அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்றாள். அவர் காரணம் கேட்டார். சொன்னாள். அவர் வருத்தத்தோடுதான் கேட்டுக்கொண்டார். ஆனால் அக்கினி நட்சத்திரம் வருகிறது, இப்போது எடுத்தால் மறுபடியும் ஊர் இருளும், மருத்துவமனையில் கிடப்பவர்களும் யாருக்கோ அப்பா அம்மாதான் என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு செய்யலாம். உங்க தெருவ மட்டும் பட்டியல்லேர்ந்து எடுத்துடறேன். செவப்பு லைட்டும் எரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஒரு நிமிஷ வேலை. சரின்னு மட்டும் சொல்லுங்க."

இலக்கியா அந்தச் சரியைச் சொல்லியிருக்கலாம். பிறகு பல முறை அவள் அந்த இடத்துக்கே திரும்பி வந்து நின்று பார்த்தாள்; ஒவ்வொரு முறையும் அது எவ்வளவு சின்னச் சொல் என்பதுதான் தெரிந்தது. ஆனால் அன்று அவள் கேட்டது வேறு.

"எங்க தெருவ எடுத்தா, அந்தப் பளு எங்க போகும் சார்?"

நவநீதன் அவளைப் பார்த்தார். "பக்கத்துத் தெருவுக்கு."

பக்கத்துத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த விமலாவின் வீடு. நடமாட முடியாத அவளுடைய அண்ணன். மூலையில் டயாலிசிஸுக்குப் போய்வருகிற அந்த மெக்கானிக். அவர்களுக்குப் பட்டியலில் கை வைக்க யாரும் இல்லை. முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன, தண்ணீர் லாரி வரிசையில் பின்னால் நிற்பதைப்போல.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றாள்.

யோசித்தாள். முறையாக யோசித்தாள். தெருவை எடுக்காமல் வாக்கியத்தை மட்டும் மாற்றினால் என்ன, விலக்கு வீட்டின் பங்கை அடுக்ககங்களுக்குத் தள்ளினால் என்ன என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. தன் வாக்கியம் தன்னிடமே கேட்கப்பட்டிருக்கிறது என்பதும், எல்லோரையும் போலத்தான் தானும் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதும் அவளுக்குப் புரியவே சில நாள் ஆனது. புரிந்த பிறகும் நவநீதனின் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள்.

அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் ஒரு மாலை அம்மா போன் செய்தாள். பெட்டி கேட்டிருக்கிறது. அவர் சரி என்றிருக்கிறார். அவள் சமையலறையில் இருந்தாள். நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவரைத் தூங்குகிறார் என்று விட்டுவிட்டாள். மின்சாரம் திரும்பி, குளிர்சாதனம் ஓடி, அறை நன்றாகக் குளிர்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டபடி இருந்தன.

வயது, இதயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதுவும் பொய் இல்லை.

மஸ்கட்டிலிருந்து மகன் மறுநாள்தான் வந்துசேர முடியும் என்பதால் ஐஸ் பெட்டி வாடகைக்கு வந்தது. கூடத்தில் கண்ணாடி மூடிக்குக் கீழே ஏகாம்பரம் வேட்டியும் மாலையுமாகக் கிடந்தார். ஐஸ் பெட்டிக்கு வேறு பொருத்துமிடம் சரிப்படாமல், குளிர்சாதனத்தைக் கழற்றிவிட்டு அந்த இணைப்பில் செருகியிருந்தார்கள். பழைய டிரைவர்கள், கண்டக்டர்கள் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். நவநீதன் சென்னையிலிருந்து வந்து, கண்ணாடி மேல் மாலை வைத்துவிட்டு, வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார். ஜரீனா காலையிலிருந்து வீட்டுக்குப் போகவே இல்லை. சரளாவின் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தி சாய்ந்தது. பெட்டியின் பச்சை விளக்கு துடித்தது.

யாரோ ஒருவர், இன்னைக்குமா என்று முணுமுணுத்தார். பெட்டி கேட்டது. கூடத்தில் இருந்த எல்லோரும் இலக்கியாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"முடியாது," என்றாள்.

அந்த வீட்டிலிருந்து பெட்டிக்கு அந்தப் பதில் போவது அதுதான் முதல் தடவை. நன்றி, பக்கத்து வீட்டைக் கேட்கிறோம் என்றது பெட்டி. ஐஸ் பெட்டி தொடர்ந்து உறுமியது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அதே குரல், அதே கேள்வி. குழந்தையோடு தனியாக இருந்த சபூராவின் பதில் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"எடுத்துக்கங்க. பக்கத்துல சாவு வூடு."

குளிர்சாதனம் முனகி நின்றது. சற்றைக்கெல்லாம் குழந்தை அழத் தொடங்கியது. ஜரீனா எழுந்திருக்கவில்லை, சரளாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்லக்கா, அழட்டும், ஒண்ணுமில்ல என்றாள். அழுகை ஏறியது. இருமல் போல் வந்து, நின்று, மறுபடி ஏறியது.

சரளா கையை விடுவித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் கிடந்தவரைப் பார்த்தாள். பெட்டிக்கு முன்னால் போய், கலைந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, வேணாம்," என்றாள் இலக்கியா.

"அந்தக் கொழந்தைய வுட்டுடும்மா," என்றாள் சரளா பெட்டியிடம். "அவர் இருந்தா இத்தான் சொல்லுவாரு. எங்க வூட்ல எடுத்துக்கோ."

மறுத்தவர்கள் மனம் மாறினால் ஏற்றுக்கொள்வதற்குப் பெட்டியில் வழி இருந்தது. கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு வழி இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை, இலக்கியாவுக்கும்.

ஐஸ் பெட்டியின் உறுமல் அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் ஓடத் தொடங்கவில்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. சரளா சுவரில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி மூடியின் உட்புறத்தில் ஆவி படர்ந்து அவர் முகம் மெல்ல மங்கியது.

இனி பெட்டி என்ன சொல்லும் என்று அந்தக் கூடத்தில் இலக்கியாவுக்கு மட்டும் தெரியும். சரி என்று சொன்னவர்களுக்காக அவள் தேடித் தேடி எழுதிய வரி அது.

"நன்றி," என்றது பெட்டி. "உங்களைப் போன்றவர்களால்தான் ஊரில் விளக்கு எரிகிறது."

அதிலும் பொய் இல்லை.